புறஞ்சேரி நீரும் பொழிலும்: நகர்ப்புற விளையாட்டிடங்களின் வரலாறு

முன்னுரை

தொல்காப்பியத்தின் கற்பியல் இல்லறத்தார்க்குரிய ஒழுகலாறுகளை வகுத்துரைக்கும் பகுதியாகும். விருந்து புறந்தருதலும் சுற்றம் ஓம்பலும் பேசப்படும் அவ்வியலிலேயே, இல்லறத்தார் தாம் வாழும் ஊரின் எல்லையைக் கடந்து சென்று, ஆறு, குளம், சோலை ஆகிய இடங்களில் ஆடி இன்புறுதலும் அவர்க்கு உரியது என்று ஆசிரியர் கூறுகின்றார். உரையாசிரியர்கள் இந்நூற்பாவினை அகத்திணை மரபு நோக்கி விளக்கிச் சென்றனர். வரலாற்று நோக்கில் அணுகுவார்க்கு இதன்கண் மூன்று செய்திகள் புலனாகும். ஓய்வும் விளையாட்டும் இல்வாழ்வின் உறுப்பாகக் கருதப்பட்டமை ஒன்று. அவ்விளையாட்டிற்குரிய இடம் ஊர்ப்புறத்தே அமைந்தமை மற்றொன்று. அவ்விடம் நீரும் நிழலும் உடையதாய் இருந்தமை பிறிதொன்று.

இக்காலத்துப் பெருநகரங்களின் புறத்தே வாழ்வோர் விடுமுறை நாள்களில் ஏரிக்கரைக்கும் பூங்காவிற்கும் செல்லும் வழக்கத்தை மேனாட்டுத் தொடர்பால் வந்தது எனக் கருதுவார் உளர். பொதுப் பூங்கா என்னும் அமைப்பு 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வழியாக நம் நகரங்களுக்கு வந்தது என்பது உண்மையே. எனினும், ஊர்ப்புறத்து நீரையும் பொழிலையும் நாடிச் சென்று ஆடும் வழக்கம் அதனினும் மிகத் தொன்மையானது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு யாது? பழைய இடங்கள் எவ்வாறு நிலைபெற்றன? எதனால் அழிந்தன? இவ்வினாக்களே நம் ஆராய்ச்சிக்கு உரியன.

நகர்ப்புற நீர்நிலையானது உழவுக்கோ குடிநீருக்கோ உரிய தொழிலைச் செய்துகொண்டிருந்த வரையில் விளையாட்டிடமாகவும் நிலைபெற்றது. அத்தொழிலை இழந்தபோது இடமும் விளையாட்டும் ஒருங்கே மறைந்தன. இதனை இலக்கியம், கல்வெட்டு, அண்மைக்கால நகர வரலாறு ஆகிய மூவகைச் சான்றுகளைக் கொண்டு ஈண்டு நிறுவ முயல்வோம்.

சொற்கள் காட்டும் செய்தி

முதற்கண் சொற்களை நோக்குவோம். தொல்காப்பிய உரியியலில் ‘கெடவரல்’, ‘பண்ணை’ என்னும் இரண்டு உரிச்சொற்கள் விளையாட்டு என்னும் பொருளுடையனவாகக் கூறப்பட்டுள்ளன. இவற்றுள் கெடவரல் என்பது வழக்கொழிந்தது. பண்ணை என்பதோ இன்றும் வழங்குகின்றது. ஆயின் விளையாட்டு என்னும் பொருளில் அன்று. வயல், மருதநிலம், பயிர் செய்யும் இடம் என்னும் பொருள்களிலேயே அது நிலைத்துவிட்டது. விளையாடும் மகளிர் கூட்டத்திற்கும் இச்சொல் பெயராக வழங்கியதுண்டு. இப்பொருள்கள் யாவும் ஒரே வேரினின்றும் கிளைத்தன எனத் துணிதல் ஈண்டு நம் கருத்தன்று. விளைவுக்குரிய இடத்தையும் விளையாட்டையும் ஒரு சொல்லாற் குறிப்பதில் முன்னோர் இடர்ப்பாடு கண்டிலர் என்பதே நாம் கொள்ளத்தக்கது.

சோலையைக் குறிக்கும் சொற்களுள் ‘கா’, ‘பொழில்’ என்னும் இரண்டும் குறிப்பிடத்தக்கன. திருவானைக்கா, திருக்கோலக்கா, திருநெல்லிக்கா, திருக்கோடிக்கா என்னும் திருப்பதிகளின் பெயர்கள், சோலை முன்னும் கோயில் பின்னுமாக எழுந்த வரலாற்றை உணர்த்துகின்றன. பொழில் என்னும் சொல் சோலையை மட்டுமன்றி உலகத்தையும் குறித்தது. ஏழுலகங்களை ஏழ்பொழில் என்னும் வழக்கு இதற்குச் சான்று. இக்காலத்தில் வழங்கும் ‘பூங்கா’ என்பது பூவும் காவும் சேர்ந்த பழஞ்சொல்லே. அது நகராட்சியால் வேலியிட்டு, திறக்கும் நேரமும் அடைக்கும் நேரமும் குறித்துப் பேணப்படும் இடத்திற்குச் சிறப்புப் பெயரானது அண்மைக் காலத்தில்தான்.

நீர்நிலைப் பெயர்களுள் ‘தாங்கல்’ என்பது சிறிய ஏரியைக் குறிக்கும். சென்னையைச் சூழவுள்ள பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் முதலிய ஊர்ப்பெயர்களில் அது நின்று நிலவுகின்றது. நீர் வற்றிய பின்னும் பெயர் வற்றாமல் இருத்தல் வரலாற்றாசிரியனுக்குக் கிடைத்த பேறு என்றே கூறலாம்.

மதுரையின் புறஞ்சேரி

நகரத்தின் புறத்தே அமைந்த குடியிருப்பைத் தமிழர் ‘புறஞ்சேரி’ என்றனர். சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் ஒரு காதையே புறஞ்சேரியின் பெயரால் அமைந்துள்ளது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளுடன் வையையைத் தெப்பத்தாற் கடந்து, கோட்டை மதிலுக்குப் புறத்தே தங்கிய இடம் அது. அறவோரே மிகுதியும் வாழ்ந்த அவ்விடத்தை இளங்கோவடிகள் வருணிக்குமிடத்து, பறவைகள் அமர்ந்த கழனியும், அதனை அடுத்த பொழிலும், நீர் நிறைந்த பண்ணையும், அகன்ற ஏரியும், தெங்கும் வாழையும் கமுகும் அங்கு ஒருங்கே இருந்தமையைக் காட்டுகின்றார்.

இவ்வருணனையில் ஏரி தனித்து நிற்கவில்லை என்பது கருதத்தக்கது. கழனி அதன் பயன். பொழில் அதன் கரை வளம். பறவை அதன் விருந்து. அறவோர் அமைதி நாடி வாழ்வதற்குத் தக்க இடமாக அதனை ஆக்கியதும் இச்சேர்க்கையே. அழகிற்கென ஒரு நீர்நிலையும் உழவிற்கென வேறொரு நீர்நிலையும் என்னும் பாகுபாடு அப்புறஞ்சேரியில் இல்லை.

வையையில் வரும் புதுப்புனலை மதுரை மக்கள் எதிர்கொண்டு ஆடிய செய்தியைப் பரிபாடல் விரித்துரைக்கின்றது. எழுபது பாடல்களைக் கொண்டிருந்தது எனக் கூறப்படும் இந்நூலில் இன்று முழுமையாகக் கிடைப்பன 22. அவற்றுள் 8 வையையைப் பற்றியன. 1918இல் உ.வே. சாமிநாதையர் பரிமேலழகர் உரையுடன் இந்நூலைப் பதிப்பித்த பின்னரே வையை நீராட்டின் முழு வடிவம் கற்றார்க்குப் புலனாயிற்று.

அப்பாடல்களில் வெள்ளம் வரும் செய்தி பறையால் அறிவிக்கப்படுகின்றது. இளையோரும் முதியோரும் நீராட்டிற்குரிய ஆடையும் மணப்பொருள்களும் ஏந்தி, யானை மேலும் குதிரை மேலும் ஊர்திகளிலும் கரைக்கு விரைகின்றனர். சாயநீரைப் பீச்சுவோரும், ஊடுவோரும், ஊடல் தணிப்போரும், பாடுவோரும் ஆற்றங்கரையை நிறைக்கின்றனர். இவற்றைக் கற்பார் பலரும் இன்பக் களியாட்டத்தை மட்டுமே கண்டு அமைவர். 10ஆம் பாடலில் வரும் ஒரு செய்தி நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் துணையாவது. நீராடுவோர் நண்டு, இறால், வாளை முதலியவற்றின் உருவங்களை அலையிலிட்டு, விளைச்சல் பெருகுக என வாழ்த்துகின்றனர். ஆடுவோரின் உள்ளத்தில் அடுத்த பருவத்தின் நெல் நின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. வெள்ளம் கரையை உடைக்கும் அச்சமும், உடைப்பை அடைக்க மக்கள் திரளும் ஆரவாரமும் அப்பாடல்களில் இடம்பெற்றுள்ளன. நீரின் வரவு களிப்பிற்கும் காப்பிற்கும் ஒருங்கே அழைப்பாக இருந்தது.

மதுரையின் புறத்தே மற்றுமொரு விளையாட்டிடம் திருப்பரங்குன்றம். 19ஆம் பரிபாடல் நகரத்தினின்றும் குன்றிற்குச் செல்லும் வழியில் நெருங்கிய கூட்டத்தையும், குன்றின்கண் இருந்த ஓவிய மண்டபத்தையும் காட்டுகின்றது. காமனும் இரதியும், அகலிகை கதையும் அங்கு எழுதப்பட்டிருந்தன. வந்தவர் ஒருவரையொருவர் வினவிப் பொருள் அறிந்தனர். குரங்குகளுக்குத் தின்பண்டமும் கருமுக முசுக்களுக்குக் கரும்பும் கொடுத்து மகிழ்ந்தோரையும் அப்பாடல் காட்டுகின்றது. குன்று முருகனின் கோயிலாகவும் நகரத்தாரின் உலாவிடமாகவும் ஒருங்கே விளங்கியது. வழிபாடும் ஒரு தொழிலே; அது தொடர்ந்தமையால் இடமும் இன்றுவரை தொடர்கின்றது.

புகார் நகரத்துச் சோலைகள்

மதுரையில் நாம் கண்ட பொதுமை எங்கும் ஒருபடித்தாக இருந்தது எனக் கொள்ளுதல் பொருந்தாது. காவிரிப்பூம்பட்டினத்துச் சான்றுகள் வேறொரு கூற்றினையும் வெளிப்படுத்துகின்றன.

அந்நகரத்து இணையேரிகளைப் பட்டினப்பாலை பாடுகின்றது. சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் நீர்த்துறைகளில் மூழ்கிக் காமவேள் கோட்டம் தொழுவார் கணவரோடு கூடி இன்புறுவர் என்னும் நம்பிக்கையைச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. இவை யாவரும் சென்று ஆடிய நீர்நிலைகள். அதே நகரில் ‘இலவந்திகை’ என்னும் சோலையும் இருந்தது. மதிலால் சூழப்பெற்று, பொறியால் நீர் நிரப்பும் வாவியுடன் அமைந்து, அரசனும் உரிமை மகளிரும் ஆடுதற்கே உரியதாய் விளங்கியது அது. புறநானூற்றுப் புலவர்களாற் பாடப்பெற்ற பாண்டியன் ஒருவனும் சோழன் ஒருவனும் ‘இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய’ என்னும் அடையுடன் வழங்கப்படுதலின், இவ்வகை அரசச் சோலை ஒரு நகரத்திற்கு மட்டும் உரியதன்று என்பது போதரும்.

மணிமேகலையின் மலர்வனம் புக்க காதை இப்பாகுபாட்டை நன்கு விளக்குகின்றது. மணிமேகலை மலர் பறிக்கச் செல்ல வேண்டியபோது, எச்சோலைக்குச் செல்லலாம், எதற்குச் செல்லலாகாது என்று சுதமதி எண்ணிப் பார்க்கின்றாள். இலவந்திகை, உய்யானம், சம்பாதி வனம், கவேர வனம் ஆகியவை ஒவ்வொரு காரணத்தால் விலக்கப்படுகின்றன. இறுதியில் உவவனமே தக்கதென முடிவாகின்றது. ஓர் இளம்பெண் நகர்ப்புறத்துச் சோலைக்குச் செல்லும் முன் இவ்வளவு எண்ண வேண்டியிருந்தது என்பதும், உவவனத்திற்குச் சென்ற பின்னும் உதயகுமரன் தொடர்ந்து வந்தான் என்பதும் மறக்கத்தக்கன அல்ல. சோலை எல்லார்க்கும் இனியது. எல்லார்க்கும் ஒருபடித்தாக ஏமமுடையது அன்று. இந்நிலை இன்றும் முற்றும் மாறிவிட்டது எனக் கூறுதற்கில்லை.

பிற்காலத்தில் பொழில் விளையாட்டும் புனல் விளையாட்டும் பெருங்காப்பியத்தின் உறுப்புகளாகத் தண்டியலங்காரத்தால் வகுக்கப்பட்டன. சீவக சிந்தாமணியின் குணமாலையார் இலம்பகமும், கம்பராமாயணத்தின் பூக்கொய் படலமும் நீர் விளையாட்டுப் படலமும் இம்மரபின்பாற்படும். காப்பிய நயம் இவற்றில் மிகுதி. ஆயின் இலக்கண வரையறைக்கு உட்பட்டுப் பாடப்பட்டமையின், இவற்றை நேரடி வரலாற்றுச் சான்றாகக் கொள்வார் விழிப்புடன் இருத்தல் வேண்டும். எந்நகர்க்கும் பொருந்தும் பொது வருணனையாகப் புனலாட்டு மாறிய காலத்தில், அந்நீரைக் காத்தவர் யாவர் என்பதை அறியக் கல்வெட்டுகளையே நாம் நாட வேண்டும்.

ஏரி வாரியமும் தோட்ட வாரியமும்

உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் பெயர் பெற்றவை. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டு, குடும்பிற்கு ஒருவராகத் தேர்ந்த 30 பேருள் 12 பேர் சம்வத்சர வாரியமாகவும், 12 பேர் தோட்ட வாரியமாகவும், 6 பேர் ஏரி வாரியமாகவும் அமைந்தனர். முன்னர்த் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்த அனுபவமுடையோரும் முதியோருமே சம்வத்சர வாரியத்திற்கு எடுக்கப்பட்டனர்.

அவ்வமைப்பினை ஊராட்சி முறைக்குச் சான்றாகவே பலரும் எடுத்துக்காட்டுவர். நாம் இங்குக் கருதுவது பிறிதொன்று. ஊரின் தலைமைப் பொறுப்பிற்கு வருவான் முதலில் தோட்டத்தையும் ஏரியையும் பேணிப் பயின்றிருத்தல் வேண்டும் என அச்சபையார் விதித்தனர். பல்லவர் காலத்திலேயே வைரமேகத் தடாகம் எனப் பெயர் பெற்றிருந்த அவ்வூர் ஏரியைத் தூர் வாரியும் கரை உயர்த்தியும் காத்தல் ஆண்டுதோறும் நிகழ வேண்டிய பணி. அப்பணிக்கெனச் சோழ நாட்டிலும் தொண்டை நாட்டிலும் ஏரிப்பட்டி என்னும் பெயரால் நிலங்கள் ஒதுக்கப்பட்டன. இதனால் நீர்நிலையின் காப்பு ஒருவருடைய அருளைச் சாராமல், நிலத்தின் வருவாயைச் சார்ந்து நின்றது.

இக்கல்வெட்டில் வரும் தோட்டத்தை இக்காலத்துப் பூங்காவெனக் கொள்ளுதல் கூடாது. அது விளைபொருள் தரும் நிலமே. ஏரியும் நெல்லுக்கே அமைந்தது. ஆயினும் கரையில் நின்ற மரமும், கலங்கலில் வழிந்த நீரும், சிறுவர் நீந்திய துறையும், தெப்பம் ஓடிய குளமும் அக்காப்பின் பயனாகவே கிடைத்தன. 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் மதுரைக்குக் கிழக்கே வண்டியூரில் அமைத்த தெப்பக்குளம் வையையோடு கால்வாயால் இணைக்கப்பட்டிருந்தது. தைப்பூசத் தெப்பம் ஒருநாள் விழா. அவ்வொருநாள் விழாவிற்காக ஆண்டு முழுதும் நீர்வழி காக்கப்பட வேண்டியிருந்தது என்பதே அதன் உட்பொருள்.

யாவர்க்கு உரியது?

இவ்விடத்தில் ஒரு தடையை எழுப்பி விடை கூறாது செல்லுதல் நேர்மையாகாது. ஊர்க்குளமும் ஏரியும் பொது எனப்பட்டபோது, அப்பொதுவினுள் யாவர் அடங்கினர்? உத்தரமேரூர்ச் சபை நிலமும் மனையும் மறையறிவும் உடையோர்க்கே வாரியத்தில் இடம் தந்தது. பல ஊர்களில் ஏரியை வெட்டவும் மடை திறக்கவும் உழைத்த மக்களே ஊர்க்குளத்தில் இறங்கித் தண்ணீர் மொள்ளத் தடுக்கப்பட்டனர். கரை காத்த கைக்குத் துறை மறுக்கப்பட்டமை நம் வரலாற்றின் மாறாத வடு.

1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் ஆர். வீரையன் கொணர்ந்த தீர்மானத்தின் விளைவாக, பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவை தாழ்த்தப்பட்டோர் உள்ளிட்ட அனைவர்க்கும் உரியன என்னும் அரசாணை பிறந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, கிணறுகள், குளங்கள், நீராடு துறைகள், சாலைகள், மக்கள் கூடும் பொதுவிடங்கள் ஆகியவற்றை ஒரே வரிசையில் வைத்து, அவற்றைப் பயன்படுத்துவதில் சமயம், சாதி முதலியவற்றாற் தடை கூடாது என விதித்தது. நீராடு துறையும் பொழுதுபோக்கும் பொதுவிடமும் ஒருங்கெண்ணப்பட்டமை, கற்பியல் நூற்பாவை நினைந்தார்க்கு வியப்பளிக்கும். தொல்காப்பியம் உரியது என்றதை அரசியலமைப்பு எல்லார்க்கும் உரியதாக்கிற்று.

ஆயின், சட்டம் துறையைத் திறந்த அந்நூற்றாண்டிலேயே நீர்நிலைகள் பல மறையலாயின. இவ்வாறு நேர்ந்ததை அறியச் சென்னையின் வரலாறு சிறந்த எடுத்துக்காட்டாகும்.

சென்னை: ஏரி போய்ப் பூங்கா வந்தமை

சென்னையின் மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர்ப் பக்கம் வரை, ஏறத்தாழ வளைவான வடிவில் நீண்ட ஏரி ஒன்று இருந்தது. ஆங்கிலேயர் அதனை ‘லாங் டேங்க்’ என்றனர். வயல்களும் தோப்புகளும் சூழ்ந்த மாம்பலம் அக்காலத்தில் நகர்ப்புறத்துச் சிற்றூர். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் இந்நீரிற் படகுப் போட்டிகள் நடத்தினர். உழவர்க்கு மடைநீரும் நகரத்தார்க்குப் படகு விளையாட்டும் ஒரே ஏரி தந்த காலம் அது.

நகரம் மேற்கு நோக்கி வளர்ந்தபோது வயல்கள் மனைகளாயின. வயல் குறைந்தபோது ஆயக்கட்டுக் குறைந்தது. ஆயக்கட்டு இல்லாத ஏரி, கணக்கெழுதுவார் கண்ணுக்குப் பயனற்ற பள்ளமாகத் தோன்றலாயிற்று. 1920இல் நகரமைப்புச் சட்டம் நிறைவேறிய பின், அப்பத்தாண்டில் ஏரியின் நீர் வடிக்கப்பட்டுத் தியாகராயநகர் எழுந்தது. நீதிக்கட்சித் தலைவர்களின் பெயர்கள் தெருக்களுக்கும் பூங்காக்களுக்கும் இடப்பட்டன. நகரின் நடுவே பனகல் பூங்கா அமைந்தது; நடேசன் பூங்காவும் எழுந்தது. இவை திட்டமிட்ட நல்ல அமைப்புகள் என்பதில் ஐயமில்லை. எனினும், பெரும்பரப்பு நீர் போய்ச் சிறுபரப்பு நிழல் வந்தது என்பதே இக்கொடுக்கல் வாங்கலின் கணக்கு. எஞ்சிய நுங்கம்பாக்கம் ஏரிப்பகுதியும் பின்னர்த் தூர்க்கப்பட்டது. 1976இல் திறக்கப்பெற்ற வள்ளுவர் கோட்டம் நிற்பது அவ்வேரி நிலத்திலேதான். நீரின்றி உலகியல் அமையாது என உணர்த்திய பெரியாரின் நினைவகம் நீரிழந்த நிலத்தில் நிற்றலை வரலாறு குறித்துக்கொள்ளும். நுங்கம்பாக்கத்து டேங்க் பண்டு ரோடும், மேற்கு மாம்பலத்து லேக் வியூ ரோடும் கரையையும் காட்சியையும் பெயரளவிற் காத்து வருகின்றன.

ஏரி இவ்வாறாக, பூங்காவின் நிலை யாது? 1859இல் ஆளுநர் சார்லசு திரெவெலியன் காலத்தில், இன்றைய மத்திய தொடர்வண்டி நிலையத்தை அடுத்து 116 ஏக்கர் பரப்பில் ‘பீப்பிள்ஸ் பார்க்’ அமைக்கப்பட்டது. குளங்களும், இசைமேடையும், விலங்குக் காட்சிசாலையும் கொண்டு நகர மக்கள் யாவர்க்கும் திறந்திருந்த இடம் அது. பூங்காவிற்குப் பொழுதுபோக்கு ஒன்றே தொழில். நகரத்திற்கோ இடத்தேவை பல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விக்டோரியா பொது மண்டபமும், 1900இல் மூர் மார்க்கெட்டும், 1913இல் ரிப்பன் மாளிகையும், பின்னர் விளையாட்டரங்கும் அந்நிலத்திலே எழுந்தன. விலங்குக் காட்சிசாலை நகர்ப்புறத்து வண்டலூர்க்குச் சென்று 1985இல் திறக்கப்பட்டது. ஏரியின் பரப்பு மனையானது போலவே, பூங்காவின் பரப்பும் கட்டடமானது. பொழுதுபோக்கு என்னும் ஒரு காரணம் மட்டும் ஒரு நிலத்தைக் காக்கப் போதாது என்பதற்கு இஃதொரு தக்க சான்று.

இதற்கு மாறாகத் தொழில் உள்ள நீர்நிலைகள் தப்பின. புழல் ஏரி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சென்னைக்குக் குடிநீர் தருகின்றது. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் அதனோடு சேர்ந்தது. இவ்விரண்டும் நகரத்தார் உலாச் செல்லும் இடங்களாகவும் விளங்கின.

வேடந்தாங்கல் இவ்வுண்மைக்கு மற்றுமோர் அரிய சான்று. அத்தாங்கலின் மரங்களில் கூடு கட்டும் நீர்ப்பறவைகளின் எச்சம் கலந்த நீர், வயலுக்கு உரமாதலை உழவர் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அவ்வூரார் பறவைகளைச் சுடலாகாது என்னும் காப்பினை ஆட்சியாளரிடம் பெற்றனர். இன்று அது பறவைப் புகலிடம். 2022இல் இராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆண்டுதோறும் பல்லாயிரவர் கண்டு மகிழும் காட்சியை நமக்குக் காத்துத் தந்தது, உழவனின் நெற்கணக்கே. இளங்கோவடிகள் புறஞ்சேரியிற் காட்டிய ஏரி, கழனி, பறவை என்னும் சேர்க்கையை இன்று காண விழைவார் வேடந்தாங்கலுக்குச் செல்லலாம்.

இற்றைப் புறநகர்

2015ஆம் ஆண்டு திசம்பர் வெள்ளம், மறந்த ஏரிகளைச் சென்னைக்கு நினைவூட்டிற்று. வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் வீடுகளுட் புகுந்த நீர், தனக்குரிய பழைய இடத்தையே நாடிற்று. ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007இலேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டிருந்தும், அதன் இன்றியமையாமையை மக்கள் உணர்ந்தது அவ்வெள்ளத்திற்குப் பின்னரே எனலாம்.

அதன் பின் சில மீட்புகள் நிகழ்ந்துள்ளன. சேத்துப்பட்டு ஏரி சீர்செய்யப்பட்டு 2016இல் படகுத்துறையுடன் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2019இல் தனி மாநகராட்சியாக உயர்ந்த ஆவடியில், பருத்திப்பட்டு ஏரிக்கரை அவ்வாண்டிலேயே நடைபாதையும் படகும் உடைய பூங்காவாயிற்று. 2021இல் மாநகராட்சியான தாம்பரத்தைச் சூழவும் ஏரிகள் பல உள. அடையாற்றுக் கழிமுகத்தில் 2011இல் திறக்கப்பெற்ற பூங்காவிற்குத் தொல்காப்பியர் பெயர் இடப்பட்டுள்ளது. ஊர் கடந்து நீரிலும் சோலையிலும் ஆடுதலை நூற்பாவில் வைத்த ஆசிரியரின் பெயர் சீர்செய்யப்பட்ட நீர்நிலைக்கு அமைந்தமை பொருத்தமே.

இவற்றைக் கண்டு நாம் மகிழலாம். ஆயின் வரலாறு ஓர் எச்சரிக்கையையும் விடுக்கின்றது. கரையைச் செப்பமிட்டு விளக்கேற்றிப் படகு விடுவதோடு பணி நின்றுவிடுமாயின், இவ்வேரிகளும் பீப்பிள்ஸ் பார்க்கின் வழியே செல்லும். உழவு இனிப் புறநகர்க்கு மீளாது. நெல்லுக்கு நீர் தரும் தொழிலை இவ்வேரிகளிடம் நாம் எதிர்பார்த்தல் இயலாது. வெள்ளத்தைத் தாங்குதல், நிலத்தடி நீரை ஊட்டுதல், பறவைக்கும் மீனுக்கும் இடமளித்தல் என்னும் தொழில்கள் அவற்றிற்கு இன்றும் உண்டு. நீர் வரும் கால்வாயும் நீர் போகும் கலங்கலும் அடைபடாது இருந்தால்தான் இத்தொழில்கள் நடைபெறும். நடைபாதையை அளந்து பெருமைப்படுவார் வரத்துக் கால்வாயையும் உடன் அளத்தல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். ஊர்ப்புறத்து நீரிலும் பொழிலிலும் ஆடி மகிழ்தலைத் தமிழர் இல்வாழ்வின் உறுப்பாகக் கொண்டனர். அவ்விளையாட்டு உழவோடும் வழிபாட்டோடும் பிணைந்திருந்தது. அப்பிணைப்பே இடத்தைக் காத்தது. அரசர்க்கென ஒதுக்கிய சோலையும் சாதியால் அடைத்த துறையும் அதன் குறைகள்; 20ஆம் நூற்றாண்டின் ஆணையும் சட்டமும் அக்குறையைக் களைய முற்பட்டன. அதே நூற்றாண்டின் நகர வளர்ச்சி, ஏரியைத் தொழிலினின்றும் பிரித்து, விளையாட்டைப் பூங்காவினுள் அடைத்தது. தொழிலற்ற ஏரியும் துணையற்ற பூங்காவும் ஒருங்கே தேய்ந்தன.

ஆடிப்பெருக்கன்று காவிரிக்கரையில் சித்திரான்னம் உண்ணும் குடும்பங்களும், காணும் பொங்கலன்று சென்னைக் கடற்கரையிலும் வண்டலூரிலும் திரளும் மக்களும் பழைய வழக்கத்தை விட்டிலர். 1934இல் மேட்டூர் அணையும் 1959இல் வைகை அணையும் எழுந்த பின், புதுப்புனலின் வரவு மழையை மட்டுமன்றி மதகையும் சார்ந்ததாயிற்று. சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்குவதற்கு வைகை அணையினின்றும் நீர் திறந்துவிடப்படுகின்றது. எனினும் ஆடும் மக்கள் அவ்வாறே உள்ளனர். அவர்க்குரிய இடத்தை நிறுவிக் காத்தலே எஞ்சிய கடமை.

நம் மாணவர்க்கும் இதில் ஒரு பணி உண்டு. புறநகர் ஏரிகளின் பெயர், துறைப்பெயர், மதகுப்பெயர், கரைத்தெய்வத்தின் பெயர், அவற்றில் நிகழ்ந்த விழா, விளையாட்டு ஆகியவற்றை முதியோர் வாய்மொழியால் தொகுத்துப் பதிவு செய்தல் காலத்தாற் செய்யத்தக்கது. பெயரறியாத பள்ளம் எளிதில் மனையாகும். பெயரும் வரலாறும் அறியப்பட்ட ஏரியைத் தூர்ப்பதற்கு எவரும் சிறிது தயங்குவர். பண்ணை என்னும் சொல்லின் இருபொருளையும் இழவாது காத்தல், சொல்லாராய்ச்சியாளர்க்கு மட்டுமன்றி ஊராள்வோர்க்கும் உரிய பொறுப்பாகும்.